உட்கார்ந்தால் அமைதி, எழுந்தால் எரிச்சல்: சமநிலை பழுதானால் எங்கே பார்ப்பது

என் பிழைப்பு மோட்டார் வேலை. போர்வெல் மோட்டாரோ மோனோபிளாக்கோ எது வந்தாலும் பிரித்துக் காயில் கட்டித் தருவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பட்டறைக்கு மேலே இருக்கிற ஹாலில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் ஒரு மணி நேரம் தியானம் உட்காருவோம். பெரும்பாலும் கோயங்கா முறை விபாசனா (வாய் பேசாமல் உட்கார்ந்து மூச்சையும் உடம்பின் உணர்வுகளையும் கவனிக்கும் பௌத்த தியானம்) 10 நாள் முகாம் போய்வந்தவர்கள். நான் ஆசிரியர் இல்லை. முகாமில் கேட்க ஆசிரியர் இருப்பார், ஊருக்குத் திரும்பிய பிறகு யாரும் இல்லை என்பதால் டீ குடிக்கும்போது என்னிடம் கேட்பார்கள். பத்து வருடமாக ஒரே கேள்வி: "அண்ணே, தினமும் உட்கார்றேன், ஆனா சமநிலை நிக்க மாட்டேங்குதே?" நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் மனசு ஆடாமல் இருப்பதைத்தான் சமநிலை என்கிறோம்.

மோட்டார் ஓடவில்லை என்று ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தால் எடுத்த எடுப்பில் காயிலைப் பிரிக்க மாட்டோம். கரண்ட் வருகிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா, கெபாசிட்டர் வீங்கியிருக்கிறதா, பேரிங் இறுகியிருக்கிறதா, இதெல்லாம் பார்த்த பிறகுதான் காயில். மனசு விஷயத்தில் மட்டும் ஏனோ எல்லோரும் முதல் நாளே காயிலைப் பிரிக்கிறார்கள். "என் சங்காரம் அவ்வளவு ஆழம் போல" என்பார்கள், மனதில் படிந்த பழைய பதிவுகளைச் சொல்கிறார்கள். விசாரித்தால் ராத்திரி நாலு மணி நேரம்தான் தூங்கியிருப்பார்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

கடந்த மூன்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம்? உட்காருவதற்கு முன் போன் பார்த்தீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை காபி? இந்த வாரம் நிஜமாக எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாதீர்கள், காலண்டரில் டிக் அடித்துப் பாருங்கள். "தினமும்" என்று சொன்ன ஒருவருக்கு மாதக் கடைசியில் 11 டிக்தான் இருந்தது.

அப்புறம், எது தட்டிவிட்டது என்று பெயர் வையுங்கள். புத்தர் உலகத்தைச் சுற்றி வருகிற எட்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார்: லாபம், நட்டம், நல்ல பெயர், கெட்ட பெயர், புகழ்ச்சி, இகழ்ச்சி, இன்பம், துன்பம். நேற்று உங்களைச் சாய்த்தது இந்த எட்டில் எது? நட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், தோண்டினால் பெரும்பாலும் கெட்ட பெயராக இருக்கும். பணம் போனது வலிக்காது, மச்சானுக்குத் தெரிந்துபோனதுதான் வலிக்கும்.

உடம்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எங்களோடு உட்காரும் ஒரு அக்கா மூன்று மாதம் படபடப்பும் எரிச்சலுமாக இருந்தார், மைத்ரி (எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் தியானம்) போதவில்லை என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தைராய்டு. மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் ஆள் பழையபடி ஆகிவிட்டார். அந்த மூன்று மாதம் அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டதற்கு யார் கணக்கு சொல்வது?

## அறிகுறி: உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூக்கம்

சமநிலை வந்துவிட்டது என்று பலர் தப்பாக நினைக்கிற முதல் விஷயம் இதுதான். தலை மார்பில் தொங்கும், மணி அடித்ததும் "ரொம்ப ஆழமா போயிட்டேன்" என்பார்கள்.

முதல் காரணம் வயிறு, இரண்டாவது தூக்கக் கடன், மூன்றாவது காற்றில்லாத அறை. இந்த மூன்றையும் சரிசெய்தும் தூங்கினால் புத்தரே தன் சீடர் மொக்கல்லானருக்குக் கொடுத்த பட்டியல் இருக்கிறது. மொக்கல்லானர் மகதத்தில் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தபோது சொன்னது. எந்த நினைப்போடு இருக்கும்போது தூக்கம் வருகிறதோ அதை விடு, கேட்ட தம்மத்தை (போதனையை) யோசி, வாய்விட்டு ஓது, காது மடலை இழுத்து கை கால்களைத் தேய், எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி நட்சத்திரங்களைப் பார், பகல் வெளிச்சம் மனதில் இருப்பதாக நினை, முன்னும் பின்னும் நட. இவ்வளவும் செய்தும் வந்தால், வலப்பக்கம் சாய்ந்து படுத்துத் தூங்கு, எப்போது எழவேண்டும் என்று நினைத்துக்கொண்டு தூங்கு. கடைசியில் தூங்கச் சொல்லிவிட்டார் பாருங்கள், அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு குறிப்பிட்ட நினைவு தலைகாட்டும்போது மட்டும் தூக்கம் வருகிறது என்றால் அது களைப்பு இல்லை, ஒளிந்துகொள்கிற வேலை. அன்றைக்குக் கண்ணைத் திறந்துவைத்து உட்காருங்கள்.

டாக்டரிடம் போகவேண்டிய இடம்: ராத்திரி பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொல்கிறார்கள், பகல் முழுக்கக் கண் சொக்குகிறது. இது தியானப் பிரச்சினையே இல்லை.

## அறிகுறி: அதே நினைப்பு, திரும்பத் திரும்ப

### அது செய்யவேண்டிய வேலையாக இருந்தால்

பாய் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் வையுங்கள். எழுதிவிட்டு உட்காருங்கள். நாளைக்கு வட்டிக்காரர் வருகிறார் என்றால் மூச்சைப் பார்த்து அது தீராது, கணக்கு நோட்டை எடுங்கள், யாரிடம் தவணை கேட்கலாம் என்று பாருங்கள், அப்புறம் மூச்சுக்கு வரலாம்.

### வேலை எதுவும் இல்லை, வெறும் அரைப்பு என்றால்

புத்தர் உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் இருபதாவது சூத்திரம் இதற்கென்றே சொன்னது, அதுவும் வரிசை போட்டு. முதலில் வேறு நல்ல நினைப்பை உள்ளே விடு, தச்சன் சின்ன ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பைக் கழற்றுவதுபோல. முடியவில்லையா, இந்த நினைப்பால் எனக்கு என்ன கெடுதல் என்று பார். அதுவும் ஆகவில்லையா, கண்டுகொள்ளாமல் விடு. அடுத்தது, நினைப்பின் வேகத்தைப் படிப்படியாகக் குறை: வேகமாக நடக்கிறவன் ஏன் வேகமாக நடக்கிறேன் என்று மெதுவாக நடக்கிறான், அப்புறம் நிற்கிறான், உட்காருகிறான், படுக்கிறான், அந்த மாதிரி. ஐந்தாவது, கடைசி வழிதான் பல்லைக் கடித்து, நாக்கை மேல் அண்ணத்தில் அழுத்தி, மனதால் மனதை அடக்குவது.

நம்மவர்கள் ஐந்தாவதில் ஆரம்பிக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம். தலைவலிதான் மிச்சம்.

## அறிகுறி: கால் வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் சமநிலை என்று நினைப்பது

எழுந்து நாலு நிமிடம் நடந்தால் போகிற வலி மரத்துப்போன வலி, பரவாயில்லை. மறுநாள் படி ஏறும்போதும் இருக்கிற வலி மூட்டு வலி. நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், எலும்பு டாக்டரைப் பாருங்கள். முகாமில் அசையாமல் உட்காரும் அதிட்டான மணி நேரம் உண்டு, ஆனால் அதற்காக முட்டியை உடைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

## அறிகுறி: உட்கார்ந்தால் அமைதி, எழுந்தால் எரிச்சல்

எனக்கு வருகிற புகாரில் பாதி இதுதான். சொல்கிறவர் பெரும்பாலும் தியானம் செய்கிறவர் இல்லை, அவர் மனைவி. "பத்து நாள் வாயை மூடிட்டு இருந்துட்டு வந்தாரு, இப்ப அந்தப் பத்து நாள் பாக்கியையும் சேத்துக் கத்துறாரு."

### தியானம் முடிந்து அரை மணிக்குள் எரிச்சல் வருகிறதா?

மலிவான காரணம். மணி அடித்ததும் எழுந்து நேராகப் போனை எடுக்கிறீர்கள். முகாமில் பத்தாம் நாள் மைத்ரி சொல்லிக்கொடுத்தார்கள், வீட்டில் அதை விட்டுவிட்டீர்கள். கடைசி ஐந்து நிமிடம் மைத்ரி, அப்புறம் இரண்டு நிமிடம் சும்மா, அப்புறம் எழுந்திருங்கள். இரண்டு வாரம் இதை மட்டும் மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது.

### தியான நேரத்தில் யாராவது கூப்பிட்டால் வருகிறதா?

அப்படியென்றால் அமைதி உங்களுக்குச் சொத்தாகிவிட்டது, யார் கைவைத்தாலும் கோபம் வருகிறது. கதவைத் திறந்துவைத்து உட்காருங்கள். குக்கர் விசில், பேரன் அழுகை எல்லாம் உள்ளே வரட்டும், அதுவும் சத்தம்தான்.

### யாராவது குறை சொன்னால் மட்டும் வருகிறதா?

என் பழுது இது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நான் காயில் கட்டிக்கொடுத்த ஏழரை எச்பி மோட்டார் ஒன்று நாலாவது நாள் திரும்பி வந்தது, கருகிப்போய். கொண்டுவந்தவர் பட்டறையில் இன்னும் மூன்று பேர் இருக்கும்போது, "நீங்க கட்டுனது காயிலா, கயிறா?" என்று கேட்டார். எனக்கு முதலில் காது மடல் சூடானது. அப்புறம் வாய் உலர்ந்தது. வலது கை கையில் இருந்த ஸ்பானரை இறுக்கியது. இந்த மூன்றும் நடந்து முடிய ஒரு மூச்சு நேரம்கூட ஆகியிருக்காது, நான் அதில் எதையும் அப்போது கவனிக்கவில்லை, வாய் திறந்துவிட்டது. பிறகு அவர் தோட்டத்துக்குப் போய் மீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்று ஃபேசில் ஒன்று வரவில்லை, இரண்டு ஃபேசில் ஓடி எரிந்திருக்கிறது. நியாயம் என் பக்கம்தான். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிவரை கண்ணை மூடினால் "கயிறா" என்ற சொல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

புத்தர் இரண்டு அம்பு என்று சொல்வது இதைத்தான். முதல் அம்பு அவர் விட்டது, அது காலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிவரை குத்தியது நானே எடுத்துக் குத்திக்கொண்டது.

சோதனை இப்படி. அடுத்த முறை யாராவது குறை சொல்லும்போது அவர் சொல்வதில் பாதி கவனமும் உங்கள் காது மடல், தாடை, உள்ளங்கை ஆகியவற்றில் பாதி கவனமும் வையுங்கள். கோபப்படக்கூடாது என்று முயற்சி செய்யாதீர்கள், சூடு எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் பாருங்கள். முதல் பத்துத் தடவை கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வரும். பிறகு பாதிக் கத்தலில் வரும். எனக்குக் காது மடலிலேயே பிடிக்க மூன்று வருடம் ஆனது, இப்போதும் பத்தில் நாலு தடவை தவறுகிறது.

### வீட்டில் ஒரே ஆளிடம் மட்டும் வருகிறதா?

இது விலை கூடிய பழுது. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் "சமநிலை, சமநிலை" என்று விழுங்கியிருப்பீர்கள். தம்பி நிலத்தில் பங்கு தரவில்லை, மூன்று வருடமாக அதை மூச்சு பார்த்தே கரைக்கப் பார்க்கிறார் ஒருவர். கரையவில்லை, கரையாது. போய் உட்கார்ந்து பேசுங்கள். பேசும்போது பதறாமல் இருப்பதற்குத்தான் தியானம், பேசாமல் இருப்பதற்கு இல்லை.

கை நீட்டும் அளவுக்குப் போனாலோ, எரிச்சலை அடக்கக் குடிக்க ஆரம்பித்தாலோ, தியான நேரத்தைக் கூட்டாதீர்கள். மனநல ஆலோசகரிடம் போங்கள்.

## அறிகுறி: "எனக்கு இப்பல்லாம் எதுவுமே பாதிக்கிறதில்லை"

இதைப் புகாராக யாரும் கொண்டுவர மாட்டார்கள். பெருமையாகத்தான் சொல்வார்கள். எனக்கு இருப்பதிலேயே இந்த அறிகுறிதான் பயம்.

சமநிலைக்கு, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உபேக்கா என்று பெயர். அதுவே தமிழில் உபேட்சை என்று வந்தபோது அகராதியில் "அசட்டை" என்ற பொருளும் ஏறிக்கொண்டது. குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்ற தியான நூலை எழுதிய புத்தகோசர் இந்த ஆபத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: ஆசையும் வெறுப்பும் உபேக்காவுக்குத் தூரத்து எதிரிகள், ஒன்றும் அறியாத அசட்டைதான் பக்கத்து எதிரி. பக்கத்து எதிரி என்றால் பார்க்க அதே மாதிரி இருப்பது. டூப்ளிகேட் பேரிங்குக்கும் ஒரிஜினலுக்கும் அட்டைப்பெட்டியில் வித்தியாசம் தெரியாது, ஓட்டினால்தான் தெரியும்.

முதல் முகாம் முடிந்த வருடம் எனக்கு இது வந்தது. மகள் பள்ளியில் கோலப்போட்டியில் ஜெயித்து ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். மூடியில் அவள் பெயரைக் குத்திக் கொடுத்திருந்தார்கள். நீட்டினாள். நான் "ம்" என்றேன். இன்பத்தில் துள்ளக்கூடாது இல்லையா, நான் சமநிலையில் இருந்தேன். அவள் ஒரு கணம் நின்றுவிட்டு டப்பாவை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது அதில் கடுகு இருக்கிறது. தாளிக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

எப்படிச் சோதிப்பது? உபேக்கா தனியாக வருவதில்லை, மைத்ரி, கருணை, முதிதை (அடுத்தவர் சந்தோஷத்தில் சந்தோஷப்படுவது) என்று மூன்றுக்குப் பிறகு நாலாவதாக வருவது. ஆகவே அதற்கு முந்தியவை இருக்கின்றனவா பாருங்கள். அடுத்தவர் நல்ல செய்தி சொன்னால் நெஞ்சில் கொஞ்சமாவது இளக்கம் வருகிறதா? தெருவில் அடிபட்ட நாயைப் பார்த்தால் கால் நிற்கிறதா? இரண்டும் இல்லையென்றால் நீங்கள் வைத்திருப்பது டூப்ளிகேட்.

எளிய காரணம்: தியானத்தில் உணர்ச்சிகளைப் பார்ப்பதற்குப் பதில் தள்ளிவிடப் பழகிவிட்டீர்கள். ஒரு மாதம் பாதி நேரத்தை மைத்ரிக்குக் கொடுங்கள், சுலபமான ஆளில் ஆரம்பியுங்கள், எடுத்த உடனே எதிரியைக் கூப்பிட வேண்டாம். அடுத்த காரணம்: பார்க்கப் பயமாக இருக்கிற ஏதோ ஒன்றுக்கு இது மூடி. நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் மூடி திறக்கும். கடைசிக் காரணம், மனச்சோர்வு நோய். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பம் இல்லை, சாப்பாடு ருசிக்கவில்லை, தூக்கம் குறைந்துவிட்டது அல்லது கூடிவிட்டது, குளிக்கவே சலிப்பு என்றால் அதற்கு டாக்டரும் சிகிச்சையும் உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி: நல்லது நடந்தால் தலைகால் புரியவில்லை

எட்டில் நாலு இந்தப் பக்கம் இருக்கிறது, அதை யாரும் பழுதாக எண்ணுவதில்லை. பெரிய ஆர்டர் கிடைத்த ராத்திரி தூக்கம் வராதவருக்கு, ஆர்டர் போன ராத்திரியும் வராது.

தியானத்திலேயே இது நடக்கும். நேற்று உடம்பு முழுக்க மெல்லிய அதிர்வு ஓடியது, இன்று முதுகில் கல் வைத்ததுபோல இருக்கிறது, உடனே "தியானம் சரியா அமையல". அமைவதற்கு அது கல்யாணமா? நேற்றையதைத் தேடிக்கொண்டு உட்காராமல் இன்று இருப்பதைப் பாருங்கள். இதற்கு டாக்டர் வேண்டாம். ஒரே ஒரு விலக்கு: நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படவில்லை, பேச்சு நிற்கவில்லை, கையில் இருக்கும் பணத்தையெல்லாம் செலவழிக்கிறார், தனக்கு ஞானம் கிடைத்துவிட்டது என்கிறார் என்றால் வீட்டார் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

## அறிகுறி: சாவு வீட்டில் அழுதுவிட்டேன்

பழுது இல்லை. மேலே போகலாம்.

சரி, மனசு கேட்காதவர்களுக்காக ஒன்று. புத்தரின் முதன்மைச் சீடர் சாரிபுத்தர் இறந்த செய்தி வந்தபோது, தன் உடம்பே தன் வசத்தில் இல்லாததுபோல் ஆகிவிட்டது, திசைகள் புலப்படவில்லை என்று புத்தரின் உதவியாளராக இருந்த ஆனந்தர் புத்தரிடமே சொன்னார். பிறகு மொக்கல்லானரும் போன பின்னர், கங்கைக் கரையில் பிக்குகள் நடுவே உட்கார்ந்திருந்த புத்தர், அவர்கள் இருவரும் இல்லாமல் இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது என்றார். சொன்னார், அதனால் நிலைகுலையவில்லை. இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மாதங்கள் கடந்தும் எழுந்து வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மட்டும் ஆலோசகரின் உதவி தேடுங்கள்.

## அறிகுறி: பயம், தூக்கமின்மை, சுற்றி இருப்பதெல்லாம் நிஜமில்லாததுபோல் இருப்பது

இங்கே மலிவான காரணத்தில் ஆரம்பிக்கும் வரிசை கிடையாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

தியானத்தை நிறுத்துங்கள். "கடந்து போ, எல்லாம் அநித்தியம்" என்று யார் சொன்னாலும் நிறுத்துங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நடை, மண்வேலை, துணி துவைப்பது, ஆட்களோடு பேச்சு. தனியாக இருக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில் தணியவில்லை என்றால் டாக்டர். ஆள் இல்லாமல் குரல் கேட்டாலோ, சாக நினைப்பு வந்தாலோ, அன்றைக்கே. இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம், எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

தியானத்தை நிறுத்துவது தோல்வி என்று நினைக்கிறவர்களுக்கு வைசாலியில் நடந்ததைச் சொல்வேன். உடம்பின் அசுத்தங்களை நினைக்கும் தியானத்தை புத்தர் கற்பித்துவிட்டு அரை மாதம் தனிமைக்குப் போனார். திரும்பி வந்தபோது பிக்குகள் குறைந்திருந்தார்கள். பலர் தங்கள் உடம்பையே வெறுத்து உயிரை விட்டிருந்தார்கள். அதையே இன்னும் தீவிரமாகச் செய்யுங்கள் என்று அவர் மிச்சம் இருந்தவர்களிடம் சொல்லவில்லை. எல்லோரையும் கூட்டி மூச்சைக் கவனிக்கும் ஆனாபானத்தைக் கொடுத்தார். மருந்தையே மாற்றினார்.

ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முகாமுக்குப் போவதற்காக அதை நிறுத்தாதீர்கள். விண்ணப்பத்தில் இதைப் பற்றிக் கேட்பார்கள், உள்ளதை எழுதுங்கள். இப்போது வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹாலில் ஒருவர் மறைத்துவிட்டுப் போய், ஆறாம் நாளே திரும்ப வேண்டியதாயிற்று. எட்டு மாதம் டாக்டர், மாத்திரை. இப்போது டாக்டர் சரி என்ற பிறகு வருகிறார். ஜன்னல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கு. கண்ணைத் திறந்தபடி பத்து நிமிடம் மூச்சு பார்ப்பார், எங்களுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி இருக்கும்போதே எழுந்து, கீழே போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வருவார்.